முதலில் தளம், பிறகு மிஷின்

வீட்டில் மரவேலை தொடங்க நினைப்பவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எந்த டேபிள் சா வாங்கலாம் என்பதுதான். கேள்வியில் பிழை இல்லை, அது வரும் நேரத்தில்தான் பிழை. அறுக்கும் மிஷின் எதையும் தானாக நேராக்குவதில்லை. மேஜைமேல் படியும் முகம் எப்படியோ, ஃபென்ஸ் என்னும் பக்கவழிகாட்டியில் உரசும் விளிம்பு எப்படியோ, அறுத்து வரும் துண்டும் அப்படியே. கோணலைக் கொடுத்தால் கோணலையே வேகமாகத் திருப்பித் தரும். அதனால் நேரான முகத்தையும் விளிம்பையும் உண்டாக்கவும் சோதிக்கவும் உதவும் கருவிகளுக்கே முதல் பணம் போக வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் மின்கருவிகள் அடுத்து வரட்டும். தரையில் நிற்கும் பெரிய மிஷின் கடைசியில் வரட்டும், தேவைப்பட்டால் மட்டும். பல வாங்கும் பட்டியல்கள் இதற்கு நேர்மாறாக இருப்பதால், இந்த வரிசைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி வாசகருக்கு இந்தக் காரணம் அந்நியமானதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றிலும் இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு 'டேட்டம்' என்பது அன்றாடச் சொல். வார்ப்பாக வந்த பாகத்தை எடுத்தவுடன் யாரும் துளை போடுவதில்லை. முதலில் ஒரு முகத்தைச் சீவி, அதை ஆதாரமாக வைத்து மற்ற அளவுகளைப் பிடிப்பார்கள். அந்த முகம் சரியில்லை என்றால் அதற்குப் பிறகு எத்தனை விலையுயர்ந்த மிஷினில் ஏற்றினாலும் பாகம் கழிவுதான். இதை ஆலையில் நாள்தோறும் கடைப்பிடிப்பவரே வீட்டுக்கு வந்ததும் வளைந்த பலகையை நேராக ரம்பத்தில் தள்ளப் பார்க்கிறார். இரும்புத் தகடும் உருக்குக் கம்பியும் ஓரளவு நேராகவே கைக்கு வந்து பழகியதால், மரமும் அப்படித்தான் வரும் என்ற எண்ணம் அவருக்குள் இருக்கிறது.

இந்தப் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் மரத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் உடனே கலையும். கொரியா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்து ஆலைகளுக்கு வரும் பாகங்கள் பைன் மரப் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் வருகின்றன. பாகங்களை இறக்கிய பிறகு அந்த மரம் பழைய மரக் கடைகளுக்குப் போய், எடைக்கோ கன அடிக்கோ விற்பனையாகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி 2002-இல் வந்தது. அதன்படி கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும், பதப்படுத்திய முறையும் மரத்தில் பதிக்கப்படும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயுவால் பூச்சி கொல்லப்பட்டது. வீட்டுச் சாமான்களுக்கு எச்.டி. மரத்தையே எடுங்கள். எம்.பி. முத்திரை உள்ளதையும், எண்ணெய்க் கறை படிந்ததையும், முத்திரையே இல்லாததையும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

எச்.டி. முத்திரையை நம்பி ஏமாறவும் இடமுண்டு. அந்த 30 நிமிடச் சூடு பூச்சியைக் கொல்வதற்கானது, மரத்தை நாற்காலிக்கும் அலமாரிக்கும் ஏற்றபடி உலர்த்துவதற்கானதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் கிடந்த பெட்டி எவ்வளவோ நீரைக் குடித்திருக்கும். வாங்கி வந்ததும் ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை இடையிடையே மெல்லிய சட்டம் வைத்து வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். ஒரு பலகையை மட்டும் வாரம் ஒருமுறை லக்கேஜ் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். எடை குறைவது நிற்கும் வரை மரம் வேலைக்குத் தயாரில்லை. அதற்குள் பாதிப் பலகைகள் குறுக்கே குழிந்திருக்கும், சில முறுக்கியிருக்கும். மழுங்கிய முனையோடு உள்ளேயே முறிந்துபோன ஆணிகளும் இருக்கும். ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் அது அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படி முறுக்கிய ஒரு பலகையை டேபிள் சாவில் தள்ளினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேஜைமேல் பலகை ஆடும். ஃபென்ஸில் ஒட்டும் விளிம்பு நேராக இல்லாததால், பலகை நகர நகரக் கொஞ்சம் திரும்பும். திரும்பும்போது, வெட்டி முடித்த பகுதி பிளேடின் பின்பக்கத்தை நெருக்கும். பின்பக்கப் பற்கள் மேஜையிலிருந்து மேலே எழும்பி வருபவை என்பதால், பலகையைத் தூக்கித் தள்ளுபவரை நோக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடினால் அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. இந்தக் 'கிக்பேக்' விபத்துக்குப் பலர் மிஷினைக் குறை சொல்வார்கள். ஆனால் அதன் தொடக்கம், தளம் பார்க்காமல் மேஜையில் வைத்த மரத்தில் இருக்கிறது. அழகுக்காக மட்டும் நேரான முகம் கேட்பதில்லை. கைவிரல்கள் அதை நம்பி இருக்கின்றன.

ஆகவே முதல் தொகுதியில் மூன்று வேலைகளுக்கான கருவிகள் வர வேண்டும்: பார்ப்பது, சீவுவது, பிடிப்பது. பார்ப்பதற்கு மூன்று அடி எஃகு அளவுகோல் ஒன்றும் நல்ல மூலைமட்டம் ஒன்றும் போதும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கூரான பென்சிலால் கோடிழுங்கள். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடிழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விரிந்தால், தெரியும் விலகல் உண்மையான பிழையைப் போல் இரண்டு மடங்கு. முறுக்கைக் கண்டுபிடிக்க, ஃபேப்ரிகேஷன் கடையில் கிடைக்கும் அலுமினிய எல்-ஆங்கிளில் ஒன்றரை அடித் துண்டுகள் இரண்டை வாங்குங்கள். பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக ஒவ்வொன்றை வைத்து, கண்ணைத் தாழ்த்தி முன்னதன் மேல்விளிம்பின் வழியாகப் பின்னதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் எந்த மூலை உயர்ந்திருக்கிறது என்பது உடனே புரியும். சீவ வேண்டியதும் அந்த மூலையைத்தான்.

சீவுவதற்கு ஒரு இரும்பு இழைப்புளி வேண்டும். ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால், 14 அங்குல நீளமுள்ள 5-ஆம் எண் இழைப்புளியை வாங்குங்கள். 4-ஆம் எண் குட்டையானது, மெருகு வேலைக்கு நல்லது. ஆனால் நீளமான அடிப்பாகமே பள்ளங்களைத் தாண்டி மேடுகளை மட்டும் சீவும். புது இழைப்புளி கடையிலிருந்து கூராக வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். இழைப்புளி வாங்கி, இது வேலைக்காகாது என்று ஓரம் கட்டியவர்களில் பலர் ஒருமுறைகூட அதன் அலகைத் தீட்டியவர்கள் அல்லர். கூர்தீட்டும் ஏற்பாடு இல்லாத இழைப்புளிக்குச் செலவிடும் பணம் வீண். அதனால் இரண்டையும் ஒரே செலவாகவே கணக்கிடுங்கள்.

கூர்தீட்டலுக்கும் ஒரு தளம் தேவை, அதற்கு விலையுயர்ந்த கல் கட்டாயமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட்-கோபைன் தயாரித்து வரும் மிதவைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் பரவவிட்டுச் செய்யப்படுவது. மெருகேற்றாமலே அது மிகச் சமமாக இருக்கும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. தடிப்புள்ள துண்டொன்றை ஓரம் மழுக்கி வாங்கி, அதன்மேல் நீரில் பயன்படுத்தும் எமரித் தாளை ஒட்டினால் தீட்டுமேடை தயார். 400, 800, 1,500 என்ற வரிசையில் தாளை மாற்றிக்கொண்டு போகலாம். அலகின் சரிவு 25 டிகிரியில் இருக்க, முனையை மட்டும் 30 டிகிரியில் தீட்டுங்கள். பின்பக்கத்தை முனையோரம் கண்ணாடிபோல் ஆகும் வரை தட்டையாக்குங்கள். தீட்டும்போது முனையின் முழு நீளத்திலும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்ட வேண்டும். தட்டாத இடத்தில் கூர் இன்னும் வரவில்லை. இழைப்புளியின் அடிப்பாகம் சமமா என்பதையும் இதே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். ஈரக் காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும், ஆகவே வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெயால் ஒருமுறை துடைத்து வையுங்கள்.

பிடிப்பது என்ற மூன்றாவது வேலையை எல்லாரும் மறப்பார்கள். சாப்பாட்டு மேஜைமேல் பலகையை வைத்து இழைத்தால் மேஜையும் பலகையும் சேர்ந்து நகரும், அலகு தெறித்துத் தெறித்துப் போகும். கனமான, இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு பெஞ்சும், அதில் பொருத்திய மரவேலை வைஸும், நான்கு எஃப்-கிளாம்பும் இருந்தால், சாதாரண இழைப்புளியும் ஒழுங்காக ஓடும். அந்தப் பெஞ்சையே முதல் வேலையாக, பேலட்டின் தடித்த கட்டைகளில் செய்துவிடலாம். அதன் மேற்பலகைதான் இனி எல்லாப் பலகைக்கும் ஆதாரத் தளம்.

இந்தத் தொகுதியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். பெட்டிப் பலகை பெரும்பாலும் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. ஒரு அடி அகலமுள்ள அலமாரித் தட்டு வேண்டுமென்றால் மூன்று, நான்கு பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வைஸில் இறுக்கி, இரண்டு விளிம்பையும் ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். உங்கள் கை ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், பலகைகளை விரித்து ஒட்டும்போது ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இடைவெளியில் ஒளி தெரியாவிட்டால் ஃபெவிகால் தடவி கிளாம்பால் இறுக்கி, மறுநாள் காலை வரை விட்டுவிடலாம். டேபிள் சாவில் அறுத்த விளிம்பை ஒட்டினால் பற்களின் தடம் நடுவில் கோடாகத் தெரியும். கூரான இழைப்புளி சீவிய விளிம்பில் இணைப்புத் தெரிவதே அரிது. எந்தப் பெரிய மிஷினும் இல்லாமல், சில ஆயிரம் ரூபாய்க் கருவியில் கிடைக்கும் முடிவு இது.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நேரம். ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் கிடைப்பவர் கையால் இழைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பத்துப் பலகையை இழைக்க மிஷின் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்த மிஷின் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊருக்கு ஊர் மரவாடியும் சா மில்லும் இருக்கின்றன. புதுத் தேக்கோ வேம்போ வாங்கினால், கேட்கும் தடிப்புக்கு அறுத்து இழைத்துத் தர அங்கே கூலி அதிகமில்லை. ஆணி இருக்கும் பழைய மரத்தை மட்டும் மில்காரர்கள் தொட மறுப்பார்கள், ஏனென்றால் ஒரே ஆணியில் அவர்களுடைய பிளேடு போய்விடும். ஆக, மில்லுக்குப் போகும் மரத்துக்குச் சொந்த மிஷின் தேவையில்லை. மில்லுக்குப் போக முடியாத மரம் உங்கள் மிஷினுக்கும் ஆபத்துதான். இன்னொரு கணக்கும் உண்டு. இந்தப் பகுதிக் குடியிருப்புகளில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குகிறார்கள். சர்க்குலர் சா எழுப்பும் 100 டெசிபல் சத்தத்துக்கு அங்கே எந்த நேரமும் சரியான நேரமில்லை. இழைப்புளிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இரண்டாவது ஆட்சேபத்தை ஆலையில் பழகியவர்கள் எழுப்புவார்கள்: கைவேலையில் துல்லியம் வராது, மிஷின்தான் அளவைப் பிடிக்கும் என்று. உலோகத்தில் இது சரி. மரத்தில் வெர்னியர் காட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அடுத்த மழைவரைகூட நிற்காது. 300 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால், ரேகை வாட்டத்தைப் பொறுத்து அதன் அகலம் 2 மி.மீ. வரை கூடவோ குறையவோ செய்யும். நீளவாட்டில் மாற்றம் அநேகமாக இருக்காது. ஆகவே மரவேலையில் துல்லியம் என்பது எண்ணைப் பிடிப்பதைவிட ஒன்றோடொன்று பொருந்துவதைப் பிடிப்பது. இழுப்பறையின் முகப்பை, அது நுழையப்போகும் இடத்தில் வைத்துக் கத்தி முனையால் குறித்து, அந்தக் குறிவரை இழைத்தால் அது பொருந்தும். டேப்பில் அளந்து மிஷினில் அறுத்தால் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். மரம் அசைய இடம் விட்டுச் செய்வது எந்த மிஷினாலும் ஈடுகட்ட முடியாத அறிவு.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு ஒரு பகுதி விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பிளைவுட்டில் மட்டுமே வேலை செய்யப்போகிறவருக்கு இழைப்புளி அவசியமா? அவசியமில்லை. எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஆலையிலேயே சமமாக வருகிறது, அதன் ஆலை விளிம்புதான் டேட்டம். உள்ளே பயன்படுத்த ஐ.எஸ். 303 முத்திரை, சமையலறைக்கும் குளியலறைக்கும் ஐ.எஸ். 710 முத்திரை என்று பார்த்து வாங்கினால் போதும். ஆனால் இங்கேயும் டேபிள் சா முதலில் வரத் தேவையில்லை. 18 மி.மீ. ஷீட் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். அதைச் சிறிய மேஜைமேல் தனியாளாகத் தள்ளுவதைவிட, ஷீட்டைத் தெர்மகோல் பலகைமேல் தரையில் கிடத்தி, 7 அங்குல சர்க்குலர் சாவை அதன்மேல் ஓட்டுவது பாதுகாப்பு. நேரான அலுமினியப் பெட்டிக் குழாயை இரண்டு முனையிலும் கிளாம்ப் செய்து வழிகாட்டியாக வைத்தால், வெட்டு அந்தக் குழாய் எவ்வளவு நேரோ அவ்வளவு நேராக வரும். இங்கும் மிஷின் நகலெடுக்கவே செய்கிறது, மூலம் அந்தக் குழாய்.

கைமின்கருவிகளில் முதலில் டிரில், அடுத்து சர்க்குலர் சா. இந்த இரண்டும் இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இவற்றுக்குப் பதிலாக, ஏற்கெனவே கையிலிருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மரப்பிளேடு மாட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுப் போல் ஓடுகிறது. மரத்தில் படிந்து நிற்க அதற்கு அடித்தகடு கிடையாது. பல் மரத்தில் மாட்டினால் கை தாங்க முடியாத வேகத்தில் துள்ளும். மார்பிள் கட்டருக்கு அடித்தகடு உண்டு, ஆனால் வேகம் இதைவிட அதிகம். எந்த மிஷினில் எந்த பிளேடை மாட்டினாலும், பிளேடின்மேல் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, மிஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மின்சாரத்தையும் வாங்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். 230 வோல்ட்டில் 1,400 வாட் மிஷின் 6 ஆம்பியர் இழுக்கும், சிறிய பிளக் பாயின்ட் தாங்கும் எல்லை அதுதான். 1,800 வாட் டேபிள் சா 8 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும் சரியான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்து மிஷின் ஓட்டினால் வயர் சூடேறி உருகும். மாடியில் தனி அறை கிடைத்தவுடன் மிஷின் வாங்குவதற்கு முன், எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரச்சொல்லுங்கள்.

டேபிள் சா எப்போது வாங்கலாம்? ஒரே அளவில் பல துண்டுகள் அடிக்கடி தேவைப்படும்போது. அவ்வளவு துண்டுகளுக்கும் முகத்தையும் விளிம்பையும் தயாராக்க உங்களுக்கு வழியிருக்கும்போது. மூன்றாவதாக, அதற்கான பாதுகாப்பை ஆலையில் கேட்பதுபோல் வீட்டிலும் உங்களிடமே கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கும்போது. ஓடும் மிஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் கட்டாயமாக்கியது. வீட்டு மாடிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. பிளேடுக்குப் பின்னால் வெட்டை விரித்துப் பிடிக்கும் ரிவிங் நைஃப் இல்லாத மாடலை வாங்காதீர்கள், இருப்பதைக் கழற்றிப் போடாதீர்கள். தள்ளுகட்டை இல்லாமல் சின்னத் துண்டை அறுக்காதீர்கள். கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் வேண்டாம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் ஒன்றாக உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியது. ஆகவே தூசு உறிஞ்சியும் என்95 முகக்கவசமும் மிஷினின் விலையோடு சேர்ந்தவையே. கழுத்தில் கட்டும் துண்டு அதற்கு மாற்றாகாது.

சா, இழைப்பு, துளை என்று பல வேலைகளை ஒரே உடலில் அடக்கிய மல்டி-பர்ப்பஸ் மிஷின் இடத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள். இடம் மிச்சமாகும், வேலை மிச்சமாகாது. ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் மேஜையைக் கழற்றி மாட்ட வேண்டும், கழற்றிய ஒவ்வொரு முறையும் அளவு மறுபடி பிடிக்க வேண்டும். அதன் குட்டையான மேஜையில் நீளமான பலகையின் முகத்தை நேராக்கவும் முடியாது. தனித்தனியாக இரண்டு நல்ல கருவி இருந்தாலே அதைவிடப் பயன்.

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிப் பலகைகள் நான்கை எடுத்து, மேலே சொன்ன முதல் தொகுதியையும் ஒரு கைரம்பத்தையும் மட்டும் வைத்து ஒரு அடி அகலத் தட்டொன்று ஒட்டிப் பாருங்கள். அளவுகோலை மூலைக்கு மூலை வைத்தால் வெளிச்சம் புகாமல், எல்-ஆங்கிள் இரண்டும் இணையாகத் தெரியும் அளவுக்கு அது வந்துவிட்டால், எந்த மிஷினையும் சரியாகப் பயன்படுத்தும் கண் உங்களுக்கு வந்துவிட்டது. எந்தக் கட்டத்தில் அதிக நேரம் போனது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அறுப்பதில் போயிருந்தால் சர்க்குலர் சா வாங்குங்கள், தடிப்பைக் குறைப்பதில் போயிருந்தால் திக்னஸ் பிளேனர் பற்றி யோசியுங்கள். ஆணி பிடுங்குவதில்தான் போனதென்றால் எந்த மிஷினும் வேண்டாம். அடுத்த முறை மரவாடியில் புது மரம் வாங்குங்கள்.